தரையில் உட்கார்ந்த வயலின்

(திருவொற்றியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் வாசித்துக் காட்டிய பகுதிகளும் இறுதியில் நடந்த கேள்வி பதிலும் இங்கே விடப்பட்டுள்ளன.)



கிளாசிக்கல் கிடார் வாசிப்பவர் எப்படி உட்கார வேண்டும், அந்த இருப்புக்கும் இசையின் உணர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். பேசுகிறேன். ஆனால் கிடாருக்கு வரும் முன் வயலினைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன். இதே கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்து, அதற்கு உலகம் வியக்கும் ஒரு விடை கண்டதில் இந்த வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் நேராக ஸ்பெயினுக்குப் போவது முறையாகாது.

நான் நிறுவ வந்திருப்பது ஒன்றுதான். உட்காரும் முறையைப் பாடம் தொடங்கும் முன் சொல்லி முடித்துவிடும் ஒழுங்கு விதியாகவே நாம் நடத்தி வருகிறோம். அது இசையின் இலக்கணத்தைச் சேர்ந்தது. எந்த ஸ்வரம் எப்படி அசையலாம், எது அசையவே முடியாது என்பதை வாத்தியத்தை உடல் தாங்கும் விதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகவே “சரியான இருப்பு எது?” என்று கேட்பவரிடம் “எந்த இசைக்கு?” என்று திருப்பிக் கேட்டாக வேண்டும். இதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. வயலின் வந்த வழி

மணலி என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது 1960களில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, லாரி வரிசை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஊர் இசைவாணர்களைத் தாங்கிய ஊர். கவர்னர் பிகாட்டிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்க்கும் முகவராக, இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரைச் சின்னையா முதலியார் என்றும் சொல்வார்கள். இவர்கள் ஆதரவில்தான் திருவாரூரிலிருந்து ராமசாமி தீட்சிதர் (1735–1817) குடும்பத்தோடு மணலிக்கு வந்தார். அவருடைய 108 ராகதாளமாலிகை இந்த ஆதரவில் பிறந்தது.

மூத்த மகன் முத்துசாமி தீட்சிதரை எல்லாரும் அறிவோம். இன்றைய பேச்சுக்கு முக்கியமானவர் கடைசி மகன் பாலுசாமி தீட்சிதர் (1786–1858). கோட்டையில் ஐரோப்பியர் வாசித்த பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு இந்தச் சகோதரர்களுக்கு மணலி முதலியாரால் கிடைத்தது. பாலுசாமிக்கு வயலினில் விருப்பம் உண்டானதைக் கண்ட சின்னையா முதலியார், ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டு பயில ஏற்பாடு செய்தார். இதைப் பதிவு செய்தவர் சுப்பராம தீட்சிதர். பதிவான நூல் 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. சுப்பராம தீட்சிதர் பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரர், அவருக்கே தத்துப் பிள்ளையும் ஆனவர். வீட்டுக்குள் வழங்கிய செய்தி என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அதே காலத்தில் தஞ்சாவூர் அரண்மனைக்குள்ளும் வயலின் நுழைந்தது. வந்த வாசல் இது ஒன்றுதான் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் இது மிகப் பழைய வாசல்களில் ஒன்று. இந்தத் தெருக்களுக்கு இன்னொரு சொந்தமும் உண்டு: திருவொற்றியூர் வீணை குப்பையர், தியாகராஜரின் சீடர், வீணையிலும் வயலினிலும் ஒருசேரத் தேர்ந்தவர். வடிவுடையம்மன் மேல் தியாகராஜர் பாடிய திருவொற்றியூர் பஞ்சரத்தினம் அவர் இந்த ஊருக்கு வந்ததன் பயன்.

அந்த வயலின்கள் எப்படிக் கரை ஏறின என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. அதன் வேலை தொடங்கியதே 1870களில்தான். கப்பல் ஆழ்கடலில் நிற்கும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுதான் அலையைக் கடந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். 1829இல் ராயபுரத்தில் புனித பீட்டர் ஆலயத்தை எழுப்பியவர்கள் அந்தப் படகோட்டிச் சமூகத்தார். நம் இசை வரலாற்றில் அவர்கள் பெயர் எங்கேயும் வருவதில்லை. வயலினுக்கு அருகில் அவர்களையும் வைத்து எழுதுவதே நியாயம்.

2. ஐரோப்பாவிலும் ஒரே பிடி இருந்ததில்லை

வயலினை மோவாய்க்குக் கீழே இடுக்கி நின்று வாசிப்பதே மூல முறை, தரையில் உட்கார்ந்து வாசிப்பது நாம் செய்துகொண்ட திரிபு என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

1751இல் லண்டனில் வெளியான தம் நூலில் ஜெமினியானி, வயலினைக் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்கிறார். 1756இல் லியோபோல்ட் மோட்சார்ட் இரண்டு பிடிகளை விவரிக்கிறார்: ஒன்று நெஞ்சுயரத்தில், மற்றொன்று கழுத்தோரம். இன்று பெரும்பாலான வயலின்களில் திருகி வைத்திருக்கும் அந்தக் கறுப்புத் தாடைத்தாங்கி, ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயிஸ் ஷ்போர் ஏறக்குறைய 1820இல் கண்டுபிடித்தது. பாலுசாமி தீட்சிதர் கற்ற நாட்களில் அது உலகத்திலேயே இல்லை. தோள் தாங்கி அதற்கும் பிற்பட்டது.

அதாவது, வயலின் நம்மிடம் வந்தபோது அதன் தாய்நாட்டிலேயே அதைத் தாங்கும் முறை இன்னும் உறுதிப்படவில்லை. மொராக்கோ கலைஞர்கள் அதைத் தொடைமேல் நிமிர்த்தி நிறுத்தி வாசித்தார்கள். இன்றும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு இசையும் தனக்கு வேண்டிய இடத்தில் அந்த மரப்பெட்டியை ஊன்றிக்கொண்டது. நாமும் அதைத்தான் செய்தோம்.

3. கணுக்காலும் கமகமும்

உரையின் மையம் இந்தக் குறிப்பு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் வித்துவான் சம்மணமிட்டு உட்கார்ந்து வலக்காலைச் சற்று முன்னே நீட்டுகிறார். வயலினின் தலைச்சுருள் வலது கணுக்காலில் அமர்கிறது. அடிப்பகுதி இடது நெஞ்சில், காறை எலும்பை ஒட்டிப் பதிகிறது. நெஞ்சும் காலுமாக இரண்டு முனையிலும் வாத்தியம் நிலைபெற்றுவிடுகிறது. இனி இடக்கை அதைத் தாங்க வேண்டியதில்லை. கட்டைவிரல்கூட வெறுமனே தொட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

மேலை முறையில் வாத்தியத்தின் ஒரு முனைக்கு மட்டுமே உடலின் ஊன்றுகோல் உண்டு. மறுமுனை காற்றில் நிற்கிறது. அதைத் தாங்குவதில் இடக்கைக்குச் சிறு பங்காவது இருந்தே தீரும். கை மேல் ஸ்தானத்திலிருந்து கீழே இறங்கும்போதுதான் சிக்கல்: வாத்தியமும் கையோடு சேர்ந்து இழுபடப் பார்க்கும், தாடை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இசை இதற்கு அழகான தீர்வு கண்டது. கையைக் குறிப்பிட்ட ஸ்தானங்களில் நிறுத்தி, நான்கு விரல்களையும் அந்தந்த இடத்தில் ஊன்றி, ஒரு ஸ்தானத்திலிருந்து அடுத்ததற்குச் சத்தமில்லாமல் தாவுவது. ஸ்வரங்கள் தனித்தனியாகத் துலக்கமாக நிற்க வேண்டிய இசைக்கு அது மிகப் பொருத்தம்.

நம் இசையில் ஸ்வரம் அப்படி நிற்பதில்லை; கமகம் என்னும் அசைவோடுதான் வரும். தோடியின் காந்தாரத்தை ஓர் இடத்தில் விரல் வைத்து வாசித்தால் அது தோடி ஆகாது. இரண்டு ஸ்வர எல்லைகளுக்கு நடுவே அது ஊசலாட வேண்டும். சங்கராபரணத்தின் ஜாரு ஒரே தந்தியில், ஒரே விரலில், அரை ஸ்தாயியைக்கூட வழுக்கிக் கடக்க வேண்டும். ஏறுவது எவ்வளவு இயல்போ இறங்குவதும் அவ்வளவு இயல்பாக இருக்க வேண்டும். எடை சுமக்கும் கையால் இதை மணிக்கணக்கில் செய்ய இயலாது. கணுக்காலில் சுருளை ஊன்றிய மறுகணம் இடக்கை முழுவதும் கமகத்துக்குச் சொந்தமாகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஜோடியாகத் தந்தி நெடுக ஓடும் நம் விரலடி இந்த விடுதலையில் விளைந்தது.

இதோடு சேர்ந்தே தந்தி கூட்டும் முறையும் மாறியது. மேலை வயலினில் நான்கு தந்தியும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் அடுக்கப்படும். நாம் ச–ப–ச–ப என்று கூட்டினோம். பாடகரின் சுருதிக்கு ஏற்பத் தந்தியைத் தளர்த்தவும் செய்தோம். தளர்ந்த தந்தி விரலுக்கு வளைந்து கொடுக்கிறது. இருப்பு, சுருதி, விரலடி மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை. ஒன்றை மட்டும் தனியே எடுத்து நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

விலை கொடுக்காமல் இது கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்த நிலையில் வலது முழங்கைக்கு இடம் குறைவு. வில்லைத் துள்ளவிடும் நுட்பங்கள், பெரிய அரங்கை நிறைக்கும் நீண்ட வீச்சு இவையெல்லாம் கடினம். ஆனாலும் துவாரம் வெங்கடசுவாமி நாயுடுவும் (1893–1964) எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் (1931–2013) மேலை வில் நுட்பத்தைக் கூர்ந்து கற்று இந்த எல்லையை வெகுதூரம் தள்ளி வைத்தார்கள். மைசூர் சௌடய்யா (1895–1967) அரங்கின் கடைசி வரிசையை எட்டுவதற்காக ஏழு தந்தி வயலினையே உண்டாக்கினார். தரையை விட்டு எழாமலேயே மூவரும் தங்கள் விடைகளைக் கண்டார்கள்.

வயலின் நம்முடையதாக எவ்வளவு காலம் ஆயிற்று? தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தது 1834இல். பாலுசாமி பிறந்து ஐம்பது ஆண்டுகூட அப்போது நிறையவில்லை. அதற்குள் அது அரசவைக் கௌரவம் பெற்ற நம் வாத்தியம்.

4. கிடாரின் நான்கு ஊன்றுகோல்கள்

இப்போது கிடார் மாணவர்களிடம் வருகிறேன். உங்கள் வாத்தியத்துக்கும் இதே அலைச்சல் இருந்திருக்கிறது. ஃபெர்னாண்டோ சோர் 1830இல் வெளியிட்ட பாடநூலில் கிடாரை மேசை விளிம்பில் சாய்க்கும் முறையைச் சொல்கிறார். அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாதோ ஒரு முக்காலித் தாங்கியே செய்துவிட்டார். வாத்தியத்தின் முதுகு நெஞ்சில் படாவிட்டால் மரம் முழுவதும் தடையின்றி அதிரும் என்பது அவர் கணக்கு. பின்னர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) கிடாரின் உடலைப் பெரிதாக்கினார். அது தொடையில் நன்றாக அமர்ந்தது. தாரெகா (1852–1909) காலத்தில் இடக்காலைச் சிறு கால்மணைமேல் வைக்கும் இருப்பு நிலைபெற்றது. இன்று கிரேடு தேர்வுக்கு உங்களுக்குச் சொல்லித்தரும் இருப்பு அதுதான்.

அதில் நான்கு ஊன்றுகோல்கள் உண்டு: இடத்தொடை, வலத்தொடையின் உள்பக்கம், நெஞ்சு, வல முன்கை. தண்டு சாய்வாக மேலே ஏறி நிற்கிறது. இங்கே இடக்கைக்கு என்ன வேலை? தாங்கும் வேலை எதுவும் இல்லை. கையை முழுவதும் எடுத்துவிட்டாலும் கிடார் அசையாமல் நிற்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்காத ஆசிரியரே இருக்க மாட்டார். நம் வயலின் வித்துவான் கணுக்காலில் கண்ட விடையைத்தான் கிடார்காரர் கால்மணையில் கண்டார்.

வலக்கை விஷயம் இன்னும் நுட்பமானது. முன்கை விளிம்பில் இலேசாகப் படிந்திருந்தால் விரல்கள் ஒலித்துளைக்கும் பாலத்துக்கும் இடையே தாராளமாக நகரும். துளையருகே மீட்டினால் குழைவு, பாலத்தருகே மீட்டினால் உலோகக் கூர்மை. ஒரே வரியை இருமுறை வாசிக்கும்போது இரண்டாம் முறை நிறம் மாற்றிச் சொல்வது கிடாரின் தலையாய உணர்ச்சிக் கருவி. கூனிக் குறுகி, முன்கையால் வாத்தியத்தை அமுக்கிப் பிடித்து வாசிப்பவருக்கு அந்த நகர்வே கிடையாது. அவர் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வாசிப்பார். கேட்பவர்கள் அவருக்குப் பாவம் போதவில்லை என்பார்கள். குறை அவர் மனத்தில் இல்லை, தோளில் இருக்கிறது.

அதே ஸ்பெயினில் ஃபிளமெங்கோக் கலைஞர்கள் கிடாரை வலத்தொடையில் வைத்தார்கள். பாகோ தெ லூசியா காலுக்கு மேல் கால் போட்டு அதன்மேல் வைத்தார். ஆட்டத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவே பாய்ந்து பாய்ந்து வாசிக்க வேண்டிய இசை அது. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே இரண்டு இசைக்கு இரண்டு இருப்பு.

நம் பக்கத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. சுகுமார் பிரசாத்தும் பின்னர் பிரசன்னாவும் கிடாரைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். பிரசன்னா தரையில் சம்மணமிட்டு, கிடாரை மடியில் அணைத்து, தந்தியை வழுக்கியும் இழுத்தும் கமகம் வாசிக்கிறார். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளைக் கைவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின் ஒலிபெருக்கமும் கொண்டு அதே தரையில் அமர்ந்தார். கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்ஸஃபோனோடு உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நாம் முதலில் போட்டது பாய்.

5. யார் உட்காரலாம்?

இதுவரை உடலியல் பேசினேன். உட்காரும் முறைக்குள் சமூகமும் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த வட்டாரத்தில் பேசினால் என் பேச்சு முழுமை பெறாது.

நாகஸ்வரம் நெடுங்காலம் நின்றும் நடந்தும் வாசிக்கப்பட்டது. சுவாமி புறப்பாட்டில் வித்துவான் மைல் கணக்கில் நடந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒத்து என்னும் சுருதிக் குழலுக்குப் பதில் தம்பூராவை வைத்துக்கொண்டு மேடையில் அமர்ந்து விரித்த தோடி, அந்தக் கலைஞர்களின் மதிப்பையும் சேர்த்து மேடையேற்றியது. உட்காரும் உரிமை அவர் கேட்டு வாங்கிய உரிமை.

பறைக்கு நேர்மாறான உண்மை உண்டு. தோளில் மாட்டி, இடக்கையில் சிண்டுக்குச்சியும் வலக்கையில் அடிக்குச்சியுமாக அடித்துக்கொண்டே ஆடுகிறார்கள். பறையில் அடவும் அடியும் ஒன்று. அந்தக் கலைஞரை நாற்காலியில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் பாதி இசையைப் பிடுங்கியதாக ஆகும். வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியக் கானா பாடுபவர்கள் தோலக்கைத் தொடையில் இடுக்கித் தரையில் உட்கார்ந்து, சாய்ந்து, எழுந்து பாடுகிறார்கள். அந்த உடல் தளர்வில்தான் பாட்டு பேச்சாகவும் பேச்சு பாட்டாகவும் மாறுகிறது. இவற்றுக்கும் இருப்பு இலக்கணம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. இங்கே இருக்கும் ஆய்வு மாணவர்கள் யாராவது எழுதினால் மகிழ்வேன்.

6. வலி

மேலை வயலின் கலைஞர்கள் பலருக்கு இடது தாடைக்குக் கீழே தழும்பு உண்டு. நம் வித்துவான்களுக்கு மூன்று மணி நேரக் கச்சேரி முழங்காலிலும் இடுப்பிலும் இறங்குகிறது. கால்மணை இடுப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கி முதுகெலும்பைச் சாய்க்கிறது. அதனால்தான் இப்போது பல கிடார்காரர்கள் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, தொடைக்கும் வாத்தியத்துக்கும் இடையே ஒரு தாங்கியை வைத்துக்கொள்கிறார்கள். அகுவாதோவின் முக்காலி வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

எந்த இருப்பும் புனிதமானதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வலியைப் பொறுத்துக்கொள்வது சாதகத்தின் பகுதி என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அது தவறு. வலிக்கும் கை இறுகும். இறுகிய கையில் கமகம் வராது, நிற மாற்றமும் வராது. வலி என்பது இசை தடைப்படும் இடத்தை உடல் காட்டிக்கொடுப்பது.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஷிஃப்ட் முடித்து வந்து மாலையில் கிடார் எடுப்பவர்கள் இங்கே உண்டு. பகல் முழுவதும் பாரம் தூக்கிய தோளோடு ஒருவர் வருகிறார். பாடநூல் படத்தில் இருப்பதுபோல அவரை உட்கார வைப்பதற்கு முன், அவர் தோள் இறங்க ஐந்து நிமிடம் கொடுங்கள். பத்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர் கிடாரைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார் என்று அதட்டாதீர்கள். சிறுவர்க்கான அளவில் கிடார் கிடைக்கிறது, வயலினும் கிடைக்கிறது. நாற்காலியின் உயரம் குழந்தையின் முழங்கால் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடமும், மாநகராட்சிப் பள்ளிகளோடு தொடர்புடையவர்களிடமும் என் வேண்டுகோள் இது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பள்ளிகளில் வாரம் ஒரு நாளாவது வயலினும் கிடாரும் சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள். பாயும் வையுங்கள், நாற்காலியும் வையுங்கள். எதை வாசிக்கப் போகிறாய் என்று குழந்தையைக் கேளுங்கள். அதற்கு ஏற்றபடி உட்கார வையுங்கள். முதல் நாள் வகுப்பில் பாலுசாமி தீட்சிதர் பெயரையும் வீணை குப்பையர் பெயரையும் சொல்லுங்கள். இவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லித் தொடங்குங்கள்.